பெர்ரி மேஸன் வாதாடிய இடம்

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கோர்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை. வக்கீல்களுக்கு அதைவிடப் பஞ்சமில்லை. ஆனால், "இந்த ஊர் வக்கீல்களிலேயே பெயர் போனவர் வாதாடிய கோர்ட் எங்கே இருக்கிறது?" என்று அங்கே ஒருவரை நிறுத்தி விசாரித்துப் பாருங்கள். விஷயம் தெரிந்தவராக இருந்தால் அவர் உங்களைக் கோர்ட் பக்கமே அனுப்ப மாட்டார். ஹாலிவுட்டில் லா பிரேயா அவென்யூ என்ற சாலையில் இருக்கும் ஒரு பழைய சினிமா ஸ்டுடியோவுக்கு வழி சொல்லுவார். அந்த வக்கீலின் பெயர் பெர்ரி மேஸன்.

பெர்ரி மேஸனை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. வாடகை நூல்நிலையத்திலிருந்து நாவலை வாங்கி வந்து, ராத்திரி விளக்கை அணைக்க மனமில்லாமல் படித்து முடித்துவிட்டு, மறுநாள் ஆபீஸில் தூங்கி விழுந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நிரபராதி ஒருவர் மீது கொலைக் குற்றம் விழும். காரியதரிசி டெல்லா ஸ்ட்ரீட் குறிப்பு எடுத்துக்கொள்வாள். துப்பறியும் பால் டிரேக் ஊரைச் சுற்றி வருவான். சர்க்கார் வக்கீல் ஹாமில்டன் பர்கர், "இந்தத் தடவை மாட்டிக்கொண்டார் மேஸன்!" என்று மகிழ்ந்திருக்கும் சமயத்தில், மேஸன் எழுந்து குறுக்கு விசாரணை செய்வார். அவ்வளவுதான், உண்மைக் குற்றவாளி கோர்ட்டிலேயே உடைந்துபோய் எல்லாவற்றையும் கக்கிவிடுவான்.

இந்தக் கதைகளை அமெரிக்காவின் ஸி.பி.எஸ். டெலிவிஷன் 1957-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதியிலிருந்து 1966-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி வரையில் தொடராகக் காட்டியது. ஒன்பது பருவம், மொத்தம் 271 கதைகள். ரேமண்ட் பர் என்ற நடிகர் மேஸனாக வந்தார். அந்த வழக்குகள் பிறந்த ஊர், படம் பிடித்த தெரு, கோர்ட் போட்டிருந்த கொட்டகை ஆகியவற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள். கடைசியாகப் போகும் இடத்தில் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

கடற்கரை ஊர் வக்கீல்

முதலில் வென்ச்சுரா. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடமேற்கே சுமார் நூறு கிலோமீட்டரில், பசிபிக் கடலோரத்தில் உள்ள ஊர். கலிபோர்னியா தெரு என்று ஒரு தெரு கடற்பக்கத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறுகிறது. அதன் உச்சியில், குவிமாடத்தோடு வெள்ளை வெளேர் என்று ஒரு கட்டடம் நிற்கிறது. 1913-இல் திறந்த ஜில்லாக் கோர்ட் அது. 1970-களில் அதை நகரசபைக் காரியாலயமாக மாற்றிவிட்டார்கள்.

அதே தெருவில், மெயின் தெரு சந்திக்கும் முனையில் இருந்த பாங்கிக் கட்டடத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ் வைத்திருந்தார். அவர் பெயர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர். 1889-இல் பிறந்தவர். சட்டக் கல்லூரியில் அதிக நாள் நிலைக்காமல், வக்கீல் ஆபீஸ்களில் உழைத்துக்கொண்டே தாமாகப் படித்து, 1911-இல் வக்கீலாகப் பதிவானவர்.

கார்ட்னர் தொழில் பழகியது பக்கத்து ஊரான ஆக்ஸ்னார்டில். அங்கே அவரைத் தேடி வந்த கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கையில் காசில்லாத சீனர்களும் மெக்ஸிகோக்காரர்களுமே. ஒரு தடவை, சூதாட்ட வழக்கில் சீன வியாபாரிகளைப் பிடிக்கப் போலீஸார் கிளம்பினார்கள். கார்ட்னர் என்ன செய்தார் தெரியுமா? இந்தக் கடைக்காரரை அந்தக் கடையிலும், அந்தக் கடைக்காரரை இந்தக் கடையிலும் மாற்றி உட்கார வைத்துவிட்டார்! பெயரைப் பார்த்து வாரண்ட் எழுதி, கடையைப் பார்த்து ஆளைப் பிடித்த போலீஸாருக்குக் கோர்ட்டில் முகம் சிறுத்துப்போயிற்று. அடையாளம் காட்டும் சாட்சி எவ்வளவு எளிதில் தவறும் என்பதை அன்றே அவர் நிரூபித்துவிட்டார். பிற்பாடு பெர்ரி மேஸன் செய்த குறும்புகளுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது.

பகலெல்லாம் கோர்ட், ராத்திரியெல்லாம் கதை என்று கார்ட்னர் வருஷக்கணக்கில் உழைத்தார். 1933-இல் முதல் மேஸன் நாவல் வெளிவந்தது. அதற்குப் பிறகு எண்பதுக்கு மேல். 1930-களில் வார்னர் சகோதரர்கள் மேஸனை வைத்து ஆறு சினிமாப் படங்கள் எடுத்தார்கள். கார்ட்னருக்கு அவை பிடிக்கவில்லை. தம் வக்கீலைக் குடித்துக் கூத்தடிக்கும் உல்லாசப் பேர்வழியாக ஆக்கிவிட்டார்களே என்று குறைப்பட்டார். ஆகையால் டெலிவிஷன்காரர்கள் வந்தபோது அவர் உரிமையை விற்றுவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. தாமே பங்குதாரராகச் சேர்ந்து 'பைஸானோ புரொடக்ஷன்ஸ்' என்ற கம்பெனியை ஏற்படுத்தினார். நிர்வாகத் தயாரிப்பாளராகக் கெயில் பாட்ரிக் ஜாக்ஸன் அமர்ந்தார். அவர் முன்னாள் சினிமா நடிகை. நடிக்க வருவதற்கு முன் சட்டம் படித்த பெண்மணி. சட்டப் பிசகு இல்லாமல் கதை எழுத வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே பிடிவாதம்.

ரேமண்ட் பர் வந்த விதமும் ஒரு கதைதான். அதுவரை அவர் சினிமாவில் கனத்த உடம்போடு வில்லனாக வந்துகொண்டிருந்தார். ஹிட்ச்காக் எடுத்த 'ரியர் விண்டோ' என்ற 1954-ஆம் வருஷத்துப் படத்தில் மனைவியைக் கொன்ற ஆசாமி அவரே! தொடருக்கு ஆள் எடுத்தபோது அவரைச் சர்க்கார் வக்கீல் பர்கர் வேஷத்துக்குத்தான் முதலில் பார்த்தார்கள். மேஸனாகவும் நடித்துக் காட்ட அனுமதி கேட்டார் பர். பார்த்த மாத்திரத்தில் கார்ட்னர், 'இவர்தான் நம்ம ஆள்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உடம்பை இளைக்க வேண்டியதுதான் பாக்கி.

பலகைக் கோர்ட்

இனி கோர்ட்டுக்குப் போவோம். ஒவ்வொரு வாரமும் நாடு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தக் கோர்ட், பலகையும் சாயமும் கொண்டு ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். தலைக்கு மேலே கூரை கிடையாது, விளக்குகள்தாம். காமிராவுக்கு இடம் வேண்டுமென்றால் சுவரையே கழற்றி நகர்த்தலாம். நீதி தேவதை நகராமல் இருந்தால் போதாதா!

அந்தக் கோர்ட்டில் பல தடவை ஜூரிகளே இருக்க மாட்டார்கள். இதைக் கவனித்தவர்கள், "கொலை வழக்காயிற்றே, ஜூரி எங்கே?" என்று கேட்பதுண்டு. மேஸன் நடத்தியவற்றில் பெரும்பாலானவை முழு விசாரணை அல்ல, பூர்வாங்க விசாரணை. அதாவது, இந்த ஆளின் மீது வழக்கை மேலே கொண்டு போகப் போதிய ஆதாரம் உண்டா என்று நீதிபதி ஒருவரே பார்த்துச் சொல்லும் கட்டம். நம் ஊரில் முன்பெல்லாம் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் 'கமிட்டல்' விசாரணை என்று நடந்ததே, ஏறக்குறைய அது மாதிரி. சட்டப்படி இது சரியான முறை. அதோடு இன்னொரு சௌகரியமும் உண்டு. பன்னிரண்டு பேரை ஜூரிப் பெட்டியில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டாம். கதையையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

ஜூரி இல்லாவிட்டாலும் வேடிக்கை பார்க்கும் ஜனங்கள் வேண்டுமே! அங்கேதான் விஷயம் இருக்கிறது. ரசிகர்கள் சிலர், மேஸனை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களையே உற்றுக் கவனிப்பார்கள். போன வாரம் தொழிலதிபர் கொலை வழக்கைப் பார்க்க வந்த அதே கிழவர், அதே அம்மாள், இந்த வாரம் நாட்டியக்காரி கொலை வழக்குக்கும் வந்து அதே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். துணை நடிகர்களுக்கும் பிழைப்பு நடக்க வேண்டும் அல்லவா? ரசிகர்கள் அவர்களுக்குச் செல்லப் பெயர்கள் கூட வைத்துவிட்டார்கள்.

ரேமண்ட் பர் பட்ட பாடு தனி. கதை முழுவதும் அவர் இருக்க வேண்டும். பக்கம் பக்கமாகச் சட்ட வசனம் பேச வேண்டும். வீட்டுக்குப் போய் வர நேரம் போதாமல், வார நாட்களில் ஸ்டுடியோவிலேயே ஒரு சிறு ஜாகையில் தங்கிவிடுவார். விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து வசனத்தை நெட்டுருப் போடுவார். 1959-இலும் 1961-இலும் அவருக்கு 'எம்மி' பரிசு கிடைத்தது சும்மா இல்லை. டெல்லாவாக நடித்த பார்பரா ஹேலுக்கும் 1959-இல் அந்தப் பரிசு கிடைத்தது.

இந்தப் பலகைக் கோர்ட்டில் வாரந்தோறும் தோற்றுக்கொண்டே இருந்த சர்க்கார் வக்கீல் பர்கராக நடித்தவர் வில்லியம் டால்மன். 1960-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் ஒரு விருந்துக்குப் போயிருந்தபோது, போலீஸார் அந்த வீட்டுக்குள் புகுந்து எல்லாரையும் கைது செய்தார்கள். ஒழுக்கக் கேடு என்று வழக்கு. திரையில் குற்றம் சாட்டுகிறவர், நிஜக் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவராகப் போய் நின்றார்! ஜூன் மாதத்தில் நீதிபதி, ஆதாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார். ஆனாலும் டெலிவிஷன் கம்பெனி அவரை விலக்கியது விலக்கியதுதான் என்று நின்றது. "கோர்ட்டே விட்டுவிட்ட ஆளை நீங்கள் தண்டிக்கலாமா?" என்று ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள். கார்ட்னரும் ஜாக்ஸன் அம்மையாரும் ரேமண்ட் பரும் விடாமல் அவருக்காகப் பேசினார்கள். அந்த வருஷ முடிவில் டால்மன் திரும்பி வந்தார்; மறுபடியும் தோற்கத் தொடங்கினார்.

இவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1968-இல் டால்மன் புற்றுநோயால் படுத்தார். மனைவி மக்களைக் காட்டி, புகைபிடிக்க வேண்டாம் என்று மன்றாடி ஒரு சிறு படத்தில் பேசினார். பெர்ரி மேஸனிடம் தோற்றதைப் பற்றித் தமக்கு வருத்தமே இல்லை, இப்போது நடத்தும் போராட்டத்தில்தான் தோற்க மனமில்லை என்று அதில் சொன்னார். அந்த வருஷம் ஆகஸ்டு 30-ஆம் தேதி, 53-ஆம் வயதில் காலமானார். படத்தை அதற்குப் பிறகு ஜனங்கள் பார்த்தார்கள்.

சிறைக்குக் கீழே கோர்ட்

கோர்ட்டின் உட்புறம் பலகை என்றாலும், வெளிப்புறத்துக்கு நிஜக் கட்டடம் ஒன்று வேண்டுமே? அதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுப் பகுதிக்குப் போக வேண்டும். டெம்பிள் தெருவும் பிராட்வேயும் சேரும் இடத்தில் 'ஹால் ஆஃப் ஜஸ்டிஸ்' என்ற பெரிய கல் கட்டடம் இருக்கிறது. தமிழில் 'நீதி மாளிகை' என்று சொல்லலாம். 1920-களில் கட்டியது. பெர்ரி மேஸன் தொடரிலும், 'டிராக்நெட்' என்ற போலீஸ் தொடரிலும் தலை காட்டிய கட்டடம் இது.

இந்த மாளிகையில் ஒரு விசித்திரம். கோர்ட்டுகள், சர்க்கார் வக்கீல் ஆபீஸ், ஷெரீப் ஆபீஸ், பிரேத விசாரணை அதிகாரியின் ஆபீஸ் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. மேல் மாடிகளில் சிறை! கீழிருந்து பார்த்தால், உச்சியில் கிரேக்கக் கோவில் மாதிரி அழகான தூண் வரிசை தெரியும். அந்தத் தூண்களுக்குப் பின்னால் கைதிகள் இருந்தார்கள். விசாரணைக்கு ஒருவனைக் கொண்டு வருவதென்றால் லிப்டில் இறக்கினால் போதும்.

திரைக்குக் கதை இரவல் வாங்க வேண்டிய அவசியம் இல்லாத கட்டடம் அது. 1962-இல் மரிலின் மன்றோ இறந்தபோது பிரேத பரிசோதனை நடந்தது இங்கேதான். செனட்டர் ராபர்ட் கென்னடியைச் சுட்டவனின் வழக்கு 1969-இல் நடந்ததும், சார்லஸ் மேன்ஸன் கும்பலின் கொலை வழக்கு 1970-இல் தொடங்கியதும் இங்கேதான். 1994-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் கட்டடம் பழுதாகி மூடிக்கிடந்தது. இருபது வருஷம் கழித்து, 2014-இல், புதுப்பித்துத் திறந்து வைத்தார்கள்.

இங்கிருந்து சில தெருக்கள் தள்ளி நடந்தால் பங்க்கர் ஹில் என்ற குன்று. பழைய காலத்தில் தனவந்தர்கள் மர மாளிகைகள் கட்டிக்கொண்டு வாழ்ந்த இடம். அவர்கள் வேறு பேட்டைகளுக்குக் குடிபோன பிறகு, அந்த மாளிகைகள் ஒண்டுக்குடித்தன வீடுகளாயின. பென்ஷன் வாங்கும் கிழவர்களும், சொற்பச் சம்பளக்காரர்களும் அறை அறையாக வாடகைக்கு இருந்தார்கள். குன்றின் மேல் ஏறக் கால் வலிக்கிறவர்களுக்காக 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி ஒரு குட்டி ரயில் ஏற்படுத்தினார்கள். 'ஏஞ்சல்ஸ் ஃபிளைட்' என்று பெயர். கம்பி வடத்தில் கட்டிய இரண்டு பெட்டிகள். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். நம் பழனி மலை இழுவை ரயிலின் ஜாதிதான். ஆனால் மிகக் குட்டை. தொடக்கத்தில் ஒரு தடவைக்கு ஒரு ஸென்ட் கட்டணம்.

1959-இல் நகரசபை, குன்றைச் சீர்திருத்துகிறோம் என்று ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. ஆயிரக்கணக்கானவர்களைக் கிளப்பிவிட்டு, வீடுகளை இடித்து, குன்றின் தலையையும் சீவ ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில் பெர்ரி மேஸன் கோஷ்டி அங்கே வந்து சேர்ந்தது.

தொடர் பூராவும் கறுப்பு வெள்ளை. ஆனால் 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி ஒரே ஒரு கதையை மட்டும் வர்ணத்தில் காட்டினார்கள். இன்னொரு பருவம் எடுப்பதென்றால் வர்ணத்தில் எப்படி இருக்கும் என்று ருசி பார்ப்பதற்காக எடுத்தது அது. டிக்கன்ஸின் 'ஆலிவர் டிவிஸ்ட்' கதையை ஒட்டி, பையன்களைத் திருட்டுக்குப் பழக்கும் ஓர் ஆசாமியைப் பற்றிய கதை. அதில் ஏஞ்சல்ஸ் ஃபிளைட் வருகிறது. வர்ணத்தில் ருசி பார்த்தார்களே தவிர, அடுத்த பருவம் வரவே இல்லை. மூன்று வருஷத்தில், 1969 மே மாதம், ரயிலையும் நிறுத்திப் பெட்டிகளைக் கிடங்கில் போட்டார்கள். 1996-இல் அதே பெட்டிகளை எடுத்து, பழைய இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே தண்டவாளம் போட்டு மறுபடி ஓட்டினார்கள். ரயில் திரும்பி வந்தது. குன்றின் மேல் குடியிருந்தவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணைகளையும் மரப் படிகளையும் பார்க்க வேண்டுமானால் அந்தக் காலத்துச் சினிமா, டெலிவிஷன் படங்களைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கிலீஷ் கிராமத்துக்குள் ஒரு கோர்ட்

கடைசியாக, முதலில் சொன்ன லா பிரேயா அவென்யூ. நகரின் நடுப் பகுதியிலிருந்து மேற்கே ஹாலிவுட்டுக்கு வந்து, ஸன்ஸெட் பூல்வார்ட் என்ற பெருஞ்சாலையைத் தாண்டியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கத் தோன்றும். கார்கள் பறக்கும் அமெரிக்கச் சாலையோரத்தில், கூர்ங்கூரையும் மரச் சட்டமும் புகைபோக்கியுமாக ஓர் இங்கிலீஷ் கிராமத்து வீட்டு வரிசை! ஸ்டுடியோவின் முகப்பே அதுதான்.

ஸி.பி.எஸ். நிறுவனம் இந்த ஸ்டுடியோவை 1962-இல் வாங்கிற்று. முன்னால் வேறு ஸ்டுடியோக்களில் வாதாடிக்கொண்டிருந்த பெர்ரி மேஸன், அந்த வருஷத்திலிருந்து 1966 வரையில் தம் கோர்ட்டை இங்கே கொண்டு வந்து போட்டுக்கொண்டார். இதற்கு முன் இதே இடத்தில் 'சூப்பர்மேன்' டெலிவிஷன் தொடரை எடுத்தார்கள். அதற்கும் முன்னால்? 1917-இல் எலுமிச்சையும் ஆரஞ்சுமாக இருந்த ஒரு தோப்பை வாங்கி, இந்த ஸ்டுடியோவைக் கட்டியவர் நமக்கெல்லாம் பழகிய மனிதர்: சார்லி சாப்ளின்.

ஆமாம், அந்தத் தொப்பியும் பிரம்பும் தொளதொளக் காற்சட்டையும் இந்த மதிலுக்குள்தான் நடமாடின. 'தி கிட்', 'தி கோல்ட் ரஷ்', 'சிட்டி லைட்ஸ்', 'மாடர்ன் டைம்ஸ்', 'தி கிரேட் டிக்டேட்டர்' எல்லாம் இங்கே பிறந்த படங்கள். லண்டனில் ஏழையாகப் பிறந்த பிள்ளை, ஹாலிவுட்டில் தமக்கென்று ஓர் இங்கிலீஷ் கிராமத்தையே கட்டிக்கொண்டு, முப்பத்தைந்து வருஷம் அதில் ராஜாவாக இருந்தார்.

அந்த ராஜா ஒரு நாள் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. 1943-இல் ஓர் இளம் நடிகை, தம் குழந்தைக்குத் தகப்பன் சாப்ளினே என்று ஜீவனாம்ச வழக்குப் போட்டார். இருவருக்கும் முன்பு பழக்கம் இருந்தது உண்மை. குழந்தை பிறந்த பிறகு, மூன்று பேரின் ரத்தத்தையும் டாக்டர்கள் சோதித்தார்கள். சாப்ளினின் ரத்தம் 'ஓ' வகை. தாயின் ரத்தம் 'ஏ' வகை. குழந்தையின் ரத்தமோ 'பி' வகை. 'ஓ'வும் 'ஏ'வும் சேர்ந்து 'பி' பிறக்க வழியில்லை. ஆகவே சாப்ளின் தகப்பனாக இருக்கவே முடியாது என்று சாஸ்திரம் அடித்துச் சொல்லிவிட்டது.

பெர்ரி மேஸன் கதையாக இருந்தால் வழக்கு அந்த நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் இது நிஜக் கோர்ட். ரத்தப் பரிசோதனை முடிவான சாட்சியமல்ல, மற்றச் சாட்சியங்களோடு அதுவும் ஒன்று, அவ்வளவுதான் என்று அன்றைய கலிபோர்னியாச் சட்டம் சொல்லிற்று. வழக்கு ஜூரியிடம் போயிற்று. எதிர்த் தரப்பு வக்கீல் சாப்ளினின் நடத்தையை எடுத்து வைத்து வசை மாரி பொழிந்தார். முதல் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல் பிளந்துபோயிற்று. 1945-இல் இரண்டாவது ஜூரி கூடியது. பன்னிரண்டு பேரில் பதினொரு பேர், "சாப்ளினே தகப்பன்" என்று கையைத் தூக்கிவிட்டார்கள்! தம் ரத்தமில்லாத குழந்தைக்கு அது இருபத்தொரு வயது ஆகும் வரையில் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

அந்த நடிகையின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு பெண்ணும் பச்சைக் குழந்தையும் திக்கற்று நிற்கும்போது ஜூரிகளின் மனம் இளகியதில் ஆச்சரியமில்லை. ஆனால், இளகிய மனமும் கலங்கிய கோபமும் சேர்ந்து உண்மையை ஓரங்கட்டிவிட்டதே, அதுதான் விபரீதம்.

1952-இல் சாப்ளின் 'லைம்லைட்' படத்தை முடித்துவிட்டு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கப்பல் நடுக்கடலில் போகும்போதே, அமெரிக்க சர்க்கார் அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை ரத்து செய்துவிட்டது. அரசியல் சந்தேகம் ஒரு காரணம். கோர்ட் வழக்குகளில் கெட்டுப்போன பெயர் இன்னொரு காரணம். 1953-இல் அவருடைய ஸ்டுடியோ விலைபோயிற்று. அதே 1953-ஆம் வருஷத்தில் கலிபோர்னியா ஒரு சட்டம் செய்தது: ரத்தப் பரிசோதனை ஒருவரைத் தகப்பன் அல்ல என்று காட்டிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சாப்ளின் வழக்கு கிளப்பிய புழுதியும் இந்தச் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம்.

இப்படிப்பட்ட பூமியில்தான், ஒன்பது வருஷத்துக்கு அப்பால், பெர்ரி மேஸன் தம் பலகைக் கோர்ட்டைக் கொண்டு வந்து போட்டார். வாரந்தோறும் இங்கே உண்மை ஜெயித்தது. நிஜக் கோர்ட்டில் ரத்தமே சாட்சி சொல்லியும் ஜெயிக்க முடியாத மனிதர் கட்டிய ஸ்டுடியோ அது!

ஜட்ஜ் ஆசனத்தில் கார்ட்னர்

மேஸன் ஒரேயடியாக ஜெயித்துக்கொண்டே இருந்தார் என்பதும் முழு உண்மையல்ல. மூன்று தடவை தோற்றார் என்று ரசிகர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1963 அக்டோபரில் வந்த 'தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்' என்ற கதையின் தொடக்கத்திலேயே அவருடைய கட்சிக்காரிக்கு மரண தண்டனை விதித்துவிடுகிறார்கள். தீர்ப்பைத் திருத்த அவர் ஓடியாடி, கடைசியில் அவளைக் காப்பாற்றுகிறார். கோர்ட்டும் தவறும் என்று அந்தக் கதை ஒப்புக்கொண்டது.

கார்ட்னருக்கு அது நன்றாகத் தெரியும். 1948-லிருந்து அவர் 'கடைசிப் புகலிடக் கோர்ட்' என்ற பொருளில் ஓர் அமைப்பைத் தொடங்கி, வக்கீல்களையும் சாஸ்திர நிபுணர்களையும் சேர்த்துக்கொண்டு, குற்றம் செய்யாமல் சிறையில் கிடப்பவர்களின் வழக்குகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்து வந்தார். கதையில் சம்பாதித்த புகழை நிஜக் கைதிகளுக்காகச் செலவழித்தார்.

1966 மே 22-ஆம் தேதி வந்த கடைசிக் கதை இந்தச் சுற்றுப் பயணத்துக்கு ஒரு நல்ல முத்தாய்ப்பு. அதில் கொலை எங்கே நடக்கிறது? ஒரு டெலிவிஷன் ஸ்டுடியோவில்! ஒன்பது வருஷம் ஊரெல்லாம் இடம் தேடிய காமிரா, கடைசியில் தன் வீட்டையே படம் பிடித்துக்கொண்டது. திரைக்குப் பின்னால் உழைத்த சிப்பந்திகள் பலருக்கும் சின்னச் சின்ன வேஷம் கிடைத்தது. கடைசி வழக்கை விசாரிக்க நீதிபதி ஆசனத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர் யார் தெரியுமா? எர்ல் ஸ்டான்லி கார்ட்னரேதான். ஆக்ஸ்னார்டு சீனர்களுக்காக வாதாடியவர், சாப்ளினின் பழைய ஸ்டுடியோவில், தாம் படைத்த வக்கீலுக்கே நீதிபதியானார். 1970-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் காலமானார்.

1985-இல் ரேமண்ட் பர் மறுபடியும் மேஸனாக வந்தார். முதல் படத்தைக் கானடாவின் டொரான்டோவில் எடுத்தார்கள். பின்னால் வந்த படங்களில் பெரும்பாலானவற்றைக் கொலராடோ ராஜ்யத்து டென்வர் நகரில் எடுத்தார்கள். 1993 செப்டம்பர் 12-ஆம் தேதி பர் மறையும் வரையில் 26 படங்கள். லா பிரேயாவுக்கு அவர் கோர்ட் திரும்பவே இல்லை.

திரும்பியிருந்தாலும் இடம் இருந்திருக்காது. 1966-லேயே ஸ்டுடியோ 'ஏ அண்டு எம்' என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. 1985 ஜனவரியில் ஒரு ராத்திரி, எதியோப்பியாப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட நாற்பதுக்கு மேற்பட்ட பாடகர்கள் சேர்ந்து 'வி ஆர் தி வேர்ல்ட்' பாட்டை ஒலிப்பதிவு செய்ததும் இதே வளைவுக்குள்தான். 2000-இல் பொம்மலாட்டக்கார ஜிம் ஹென்ஸனின் கம்பெனி இதை வாங்கி, வாசல் முகப்பின் மேல் 'கெர்மிட்' தவளைப் பொம்மைக்குத் தொப்பியும் பிரம்பும் கொடுத்து, சாப்ளின் வேஷத்தில் நிறுத்தி வைத்தது.

மேஸனின் சாட்சிக் கூண்டையும் ஜட்ஜ் மேடையையும் எப்போதோ பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். பலகைதானே! ஆனால் சாப்ளின் தோற்ற வழக்கு மட்டும் வீண்போகவில்லை. 1953-க்குப் பிறகு கலிபோர்னியாவில் அதே மாதிரி பழி சுமந்து கோர்ட் படியேறியவர்களுக்கு, எந்தப் பெர்ரி மேஸனும் இல்லாமலே, ஒரு துளி ரத்தம் வாதாடி ஜெயித்துக் கொடுத்தது.